தூண்டிற்பொன்: ஒரு சூதாட்டச் சிறுகதை வரைவின் நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ஒரு சிறுகதை வரைவு. களம் ராமேசுவரம் தீவிலுள்ள தங்கச்சிமடம், காலம் 2024-ஆம் ஆண்டின் மீன்பிடித் தடைக்காலம். சவரி விசைப்படகில், வருமானத்தில் பங்கு என்ற முறையில் வேலைக்குப் போகிறவர். அவருக்கு ஆரோக்கியம் என்ற மனைவியும் எட்டு வயதுப் பெண் பிள்ளையும். கதையும் பெயர்களும் இந்த ஆய்வுக்கென்றே கட்டியவை, யாரையும் குறிப்பவை அல்ல. ஆனால் இதிலுள்ள பிழைகள், சூதாட்டத்தைப் பற்றிக் கதை எழுதப் புகும் எவருக்கும் வருகிறவை.

முதல் வரைவின் சுருக்கம் இது. கடலுக்குப் போக முடியாத சவரி கடற்கரை மணலில் சீட்டாட உட்காருகிறார். 12,000 ரூபாய் தோற்கிறார். மனைவியின் தாலியை அடகு வைத்து மறுபடி ஆடுகிறார், அதுவும் போகிறது. விடியற்காலை கடலுக்குள் நடக்கிறார். "பணம் என்னும் பேய்" என்று தொடங்கிய கதை, அலைகள் ஒன்றும் அறியாமல் அடித்துக்கொண்டிருந்ததாகச் சொல்லி முடிகிறது.

வாசித்தவர்களுக்குப் பரிதாபம் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதுதான் இந்த ஆய்வு.

தோல்வி எங்கே தொடங்கியது

வரைவு தோல்வியைத்தான் நிகழ்ச்சியாக எடுத்துக்கொண்டது. ஆனால் தோற்கிறவன் கதையில் தோல்வி என்பது கடைசியில் வரும் ரசீது. விற்பனை அதற்கு முன்பே நடந்துவிட்டது. சூது என்னும் அதிகாரத்தின் முதல் குறளே (931) இதைச் சொல்லிவிடுகிறது:

வேண்டற்க வென்றிடினும் சூதினை வென்றதூஉம்
தூண்டிற்பொன் மீன்விழுங்கி அற்று.

தோற்றவனை அது பேசவில்லை, வென்றவனைப் பேசுகிறது. பொன் என்றால் இங்கே தங்கமில்லை. இரைக்குள் மறைந்திருக்கும் தூண்டில் இரும்பைத்தான் பரிமேலழகர் சொல்கிறார். மீனுக்குத் தெரிவது இரை மட்டும். இந்தக் கரையில் தூண்டில் போடத் தெரியாத பிள்ளை கிடையாது. அப்படிப்பட்ட கரையில் நடக்கும் கதைக்குள் சவரி ஒரு தடவைகூட வெல்லவில்லை என்பதுதான் முதல் வரைவின் மூலப்பிழை. இரை போடாத தூண்டிலை எந்த மீன் விழுங்கும்?

பெரிய கதைகள் இந்தத் தப்பைச் செய்வதில்லை. 1834-இல் வந்த புஷ்கினின் 'ஸ்பேட் ராணி'யில் ஹெர்மான் மூன்றாம் எண் சீட்டின் மேல் 47,000 ரூபிள் வைத்து வெல்கிறான். மறுநாள் ஏழின் மேல் மொத்தமும் வைத்து வெல்கிறான். மூன்றாம் நாள் ஏஸ் என்று நினைத்து அவன் எடுத்து வைத்திருந்தது ராணி. இரண்டு வெற்றிக்குப் பின் வருவதால்தான் அந்த ஒரு தோல்வி இடியாக இறங்குகிறது. அவன் முடிவை புஷ்கின் நாலு வரியில் முடித்துக்கொள்கிறார்: மனநோய் மருத்துவமனையில் 17-ஆம் எண் அறை, ஓயாத முணுமுணுப்பு, அவ்வளவுதான். நம் வரைவு அந்த நாலு வரிக்கு மூன்று பக்கம் செலவழித்தது.

தகவல் பிழைகள்

கதையின் உலகம் நம்பும்படி இல்லையென்றால் துயரமும் நம்பும்படி இருக்காது. அந்த ஊர்க்காரர் ஒருவர் வாசித்தால் எங்கெங்கே புத்தகத்தை மூடுவார் என்று ஒவ்வொன்றாகப் பார்த்ததில் கிடைத்தவை கீழே.

கிழக்குக் கரையில் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். அந்த நாட்களில் கட்டிக் கிடப்பவை விசைப்படகுகள்தாம். நாட்டுப்படகுகள் கடலுக்குப் போகும். "கடலே மூடிக் கிடந்தது" என்று வரைவு எழுதியது தவறு. திருத்தத்தில் பெரிய உதவி செய்ததும் இதே தவறுதான்: விசைப்படகு ஆள் ஒருவர் அந்த நாட்களில் நாட்டுப்படகில் ஏறலாம், அல்லது ஏறியதாக வீட்டில் சொல்லிக்கொள்ளலாம்.

தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய். அதை அலுவலகத்தில் ரொக்கமாக எண்ணிக் கொடுப்பதாக வரைவில் ஒரு காட்சி இருந்தது. பணம் வங்கிக் கணக்கில்தான் ஏறும், போனில் குறுஞ்செய்தி வரும். போன் வீட்டில் கிடந்தால் செய்தியை முதலில் பார்ப்பவர் மனைவி. ரொக்கக் காட்சியை எடுத்துவிட்டு குறுஞ்செய்தியை வைத்ததும் ஆரோக்கியம் கதைக்குள் தானாக வந்துவிட்டார். அதுவரை அவர் தாலியைக் கழற்றிக் கொடுக்க மட்டும் வந்து போகிறவராக இருந்தார்.

வரைவின் நினைவோட்டப் பகுதியில் விசைப்படகு ஞாயிறு காலையில் புறப்படுகிறது. ராமேசுவரம், மண்டபம் விசைப்படகுகளுக்குத் திங்கள், புதன், சனி என்று முறை உண்டு. டோக்கன் வாங்கிக் காலையில் போய் மறுநாள் காலையில் கரை பிடிப்பார்கள். செவ்வாய், வியாழன், ஞாயிறு காலைகளில் மீன் இறங்கும். அடுத்த புறப்பாடு வரை சும்மா கிடக்கும் மாலைகள் எவை என்று இந்தக் கணக்கே சொல்லிவிடும். சீட்டு எந்த நாளில் கூடும் என்று எழுத்தாளர் கற்பனை செய்ய வேண்டியதில்லை, கிழமையைப் பார்த்தால் போதும்.

ஆட்டம் திறந்த மணலில் நடக்கிறது. மே மாதத்துப் பாம்பன் காற்றில் மணலில் விரித்த சீட்டு ஒரு நிமிடம் நிற்காது. வலைக் கொட்டகைக்குள் உட்கார வேண்டும், அல்லது சீமைக் கருவேலத்துக்குள் காற்று மறைந்த பள்ளத்தில் தார்ப்பாய் விரித்து மூலைக்கொரு கல் வைக்க வேண்டும். வெளிச்சத்துக்கு ஒருவர் போனின் டார்ச் போதும். சிறிய விஷயம்தான். ஆனால் அந்த நாலு கல்லும் வந்த பிறகுதான் காட்சிக்கு எடை வந்தது.

அடுத்தது ரம்மி. சவரி "ஒரே கையில் 500 பாயிண்ட்" தோற்றதாக வரைவு சொன்னது. 13 சீட்டு, இரண்டு கட்டு பாயிண்ட் ரம்மியில் ஒரு கைக்கு மிஞ்சிப்போனால் 80 பாயிண்ட். சீட்டைப் பார்த்ததும் ஆட்டத்தை விட்டு விலகினால் 20, நடுவில் விலகினால் 40. ஜோக்கர் கலக்காத ஒரு வரிசையாவது இல்லாமல் டிக்ளேர் செய்தால் முழு 80-உம் தலையில் விழும். வரைவின் எதிராளி இரண்டு வரிசையிலும் ஜோக்கரை வைத்துக்கொண்டு ஜெயித்தார். ரம்மி தெரிந்த வாசகர் அத்தோடு கதையை விட்டு எழுந்துவிடுவார். அதனால் ரம்மியை எடுத்துவிட்டு மங்காத்தா வைக்கப்பட்டது. உள்ளே, வெளியே என்று இரண்டே பக்கம், குறித்த சீட்டு எந்தப் பக்கம் விழும் என்பதே பந்தயம். ஆடத் தெரியாத வாசகருக்கும் ஒரே வரியில் விளங்கும். கதைக்கு நல்ல ஆட்டம் எளிய ஆட்டம்தான். விதியை விளக்கவே பக்கம் போனால் மனிதரை எழுத இடம் இருக்காது.

லாட்டரிச் சீட்டுக்கடை ஒன்றும் பின்னணியில் இருந்தது. தமிழ்நாட்டில் லாட்டரி 2003 ஜனவரியிலிருந்து கிடையாது. கடை முகப்பில் தொங்கும் சீட்டும் ஒலிபெருக்கியும் தொண்ணூறுகளின் கதைக்குச் சரி. 2024-இல் நடப்பது திருட்டுத்தனமான மூணு நம்பர் வியாபாரம்: கேரளக் குலுக்கலின் கடைசி மூன்று இலக்கம், துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்த எண், போனில் வரும் முடிவு. கைபேசி ரம்மி வைத்து எழுதுகிறவர்களும் ஆண்டைப் பார்க்க வேண்டும். 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் இணையச் சூதாட்டத்தைத் தடுக்கும் மாநிலச் சட்டத்தின் பட்டியலிலிருந்து ரம்மியை நீக்கியது. 2025 ஆகஸ்டில் பணம் வைத்தாடும் இணைய விளையாட்டு எல்லாவற்றையும் தடுக்கும் மத்தியச் சட்டம் வந்தது. ஒரே ஆட்டம் ஒரு வருடத்தில் விளம்பரத்தோடு நடக்கும், இன்னொரு வருடத்தில் ஒளிந்து நடக்கும். பாத்திரத்தின் வெட்கம் அதற்கேற்ப மாறும்.

கணக்கு கதையை எழுதியது

இந்த ஆய்வில் அதிகம் கற்றுக்கொடுத்த இடம் இது. முதல் வரைவின் 12,000 ரூபாய் எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு விடை இல்லை. "பெரிய தொகையாகத் தோன்றியது" என்பதுதான் காரணம். சூதாட்டக் கதையில் காரணமில்லாத தொகை, ஓட்டை விழுந்த வலை மாதிரி.

சவரி எப்படி ஆடுகிறார் என்று முதலில் முடிவு செய்தோம். எல்லா ஊரிலும் கெட்டிக்காரர்கள் கண்டுபிடிக்கும் முறைதான்: 100 வை. தோற்றால் 200, மறுபடி தோற்றால் 400. எப்போது வென்றாலும் போனதெல்லாம் வந்து, மேலே 100 கிடைக்கும். கேட்கத் தோல்வியே இல்லாத முறை.

முதல் இரவு 24 தடவை வென்று 2,400 ரூபாயோடு வீட்டுக்கு வருகிறார். ஏறக்குறைய 50 சுற்று. ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிடம் என்று வைத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். கடலில் ஒரு ராத்திரி முழுக்கக் கிடந்தால் பங்கு எவ்வளவு தேறும் என்று அவருக்குத் தெரியும். அந்த ஒப்பீடுதான் இரை.

ஆனால் முறையின் அடியில் இரும்பு இருக்கிறது. ஒரு இரவு மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் 90 சுற்று. ஆட்டத்தில் எந்தத் திருட்டும் இல்லை, இரண்டு பக்கமும் சமம் என்றே வைத்துக்கொள்வோம். 90 சுற்றுக்குள் எங்காவது தொடர்ந்து ஆறு தோல்வி விழும் வாய்ப்பு ஏறக்குறைய பாதி. அதாவது இரண்டு இரவுக்கு ஒரு இரவு. ஆறு தோல்விக்கு ஆகும் செலவு 100, 200, 400, 800, 1,600, 3,200: மொத்தம் 6,300. ஏழாவது பந்தயத்துக்கு வைக்க வேண்டியது 6,400. இவ்வளவும் வைத்து வென்றால் கையில் மிஞ்சும் லாபம் அதே 100. (மங்காத்தாவில் முதல் சீட்டு விழும் பக்கத்துக்கு நூற்றுக்கு 51.5 என்ற அளவில் சிறு சாய்வும் உண்டு. எந்தப் பக்கம் முதலில் போடுவது என்பதைச் சீட்டுப் போடுகிறவர் தீர்மானித்தால் அந்தச் சாய்வு அவருடையது.)

இதை நிவாரணத் தொகையின் மேல் வைத்துப் பார்த்தபோது கதை தானாக நடந்தது. கணக்கில் 8,000 ஏறுகிறது. அரிசிக்கு 300 வீட்டில் கொடுத்துவிட்டு 7,700 எடுத்துப் போகிறார். முதல் மூன்று சுற்றும் வெற்றி, 300 வருகிறது. இப்போது கையில் சரியாக 8,000. எழுந்துவிடலாம். அரிசியும் வந்தது, பணமும் குறையவில்லை. இந்த ஒரு கணத்துக்குத் திருத்திய வரைவு அரைப் பக்கம் கொடுத்திருக்கிறது, அது நியாயம்.

எழுந்திருக்கவில்லை. தொடர்ந்து ஆறு தோல்வி. மிச்சம் 1,700. ஏழாவதுக்கு 4,700 குறைகிறது. கொட்டகை வாசலில் கடன் கொடுக்கிறவர் இருக்கிறார். 5,000-க்கு எழுதிக்கொண்டு, பத்து சதவீதம் முன்னாலேயே பிடித்து 4,500 தருவார். இன்னும் 200 குறை. சவரி இருட்டில் வீட்டுக்கு வந்து பிள்ளையின் உண்டியலிலிருந்து 200 எடுக்கிறார்.

தாலி தேவைப்படவில்லை. தமிழ்க் கதையிலும் சினிமாவிலும் அடகுக்கடைக்குப் போய்ப் போய்த் தேய்ந்த தாலி அது. பாரதியின் 'பாஞ்சாலி சபத'த்தில் தருமன் நாட்டை, தம்பியரை, தன்னை, கடைசியில் மனைவியை வைக்கும் படிவரிசை நமக்கு ரத்தத்தில் ஊறியது. அதனால்தான் எழுதுகிறவர் கை தானாகத் தாலிக்குப் போகிறது. 6,400 ரூபாய்ப் பந்தயத்தில் 200 ரூபாய் பிள்ளையுடையது என்ற விகிதம் அதைவிடக் கனமாக இருக்கிறது. அந்த 200-ஐ எழுத்தாளர் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. கழித்தல் கணக்கில் மிஞ்சியது அது.

மூணு நம்பர் பகுதிக்கும் இதே சோதனை வைக்கப்பட்டது. கதையில் சீட்டு 60 ரூபாய், மூன்று இலக்கமும் சேர்ந்தால் 25,000. மூன்று இலக்கத்துக்கு 1,000 எண்கள். எல்லா எண்ணும் ஒன்று விற்றால் வசூல் 60,000, கொடுப்பது 25,000. இது மங்காத்தாவைவிட மோசமான பேரம். ஆனாலும் கதைக்கு அது பயன்படவில்லை. மதியம் மூன்று மணிக்கு ஒரு முடிவு, பிறகு மறுநாள் வரை ஒன்றுமில்லை. பாத்திரம் தன் கையால் ஒன்றைச் செய்து மாட்டிக்கொள்ளும் இடம் அதில் இல்லை. காத்திருக்கும் கற்பனைக்கு லாட்டரி ஏற்றது. 1887-இல் செகாவ் எழுதிய லாட்டரிச் சீட்டுக் கதை அப்படித்தான் நடக்கிறது. தொடர் எண் 9,499 பொருந்திவிட்டது, கடைசி எண் 26-ஆ என்று பார்க்காமல் கணவனும் மனைவியும் 75,000 ரூபிளைக் கனவில் செலவழிக்கிறார்கள். செலவழித்து முடிப்பதற்குள் ஒருவரையொருவர் வெறுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். விழுந்தது 46. ஒரு காசு கைமாறாமல் ஒரு வீடு பாழானது. சூதுக்கதையும் செல்வ ஆசைக் கதையும் பிரியும் இடம் இதுதான்: ஒன்றில் கை வேலை செய்கிறது, மற்றதில் மனம் மட்டும்.

கடலும் ஒரு சூதா?

"கடலே ஒரு சூதாட்டம்" என்று முதல் வரைவில் ஒரு வரி. எல்லோரும் எழுதும் வரி. பாதிதான் உண்மை.

அந்தப் பாதி இது: கூறல் என்னும் கத்தாழை வகை மீன் எப்போதாவது வலையில் விழும். சதையைவிட அதன் வயிற்றிலுள்ள காற்றுப்பைக்கு, நெட்டிக்கு, ஏற்றுமதி விலை. பெரிய கூறல் பட்ட படகைப் பற்றி ஊர் பல நாள் பேசும். பாம்பனில் யாருக்கோ பட்டது நமக்குப் படாதா என்ற நினைப்பு எல்லாப் படகிலும் ஒரு ஆளாக ஏறிக்கொள்கிறது. கடல் அட்டையும் அப்படித்தான். 2001 முதல் வனவிலங்குச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம், அதனாலேயே திருட்டு விலை ஏறிப்போனது. (வரைவில் ஒருவர் அட்டையை மீன் ஏலத்தில் விற்கிறார். நடக்காது.) இலங்கையிலிருந்து வரும் தங்கக் கடத்தலில் பொட்டலத்தைக் கடலில் போட்டுவிட்டுத் தப்புவதும், அதை முக்குளித்து எடுப்பதும் இந்தக் கரைச் செய்தித்தாளுக்குப் புதிதல்ல. கடலுக்கடியில் பொன் கிடக்கிறது என்பது இங்கே உவமையில்லை.

மறுபாதி: கடலில் வெறுங்கையோடு திரும்பினாலும் நீரோட்டம், காற்று, பார் என்னும் கடலடிப் பாறை இருக்கும் இடம் பற்றி ஏதோ ஒன்று தெரிந்துகொண்டு திரும்பலாம். இருபது வருடம் போனவருக்குக் கை கூடும். மங்காத்தாவில் இருபது வருடம் ஆடியவருக்கும் நேற்று வந்தவருக்கும் ஒரே வாய்ப்பு. முன் சுற்றில் விழுந்தது அடுத்த சுற்றைத் தொடாது. சவரியின் கோளாறு இங்கே இருக்கிறது. கடலில் படித்த பொறுமையை, "நாலு பாடு வெறும் வலை வந்தால் அஞ்சாம் பாட்டில் படும்" என்ற நம்பிக்கையை, அவர் சீட்டுக்குக் கொண்டு வருகிறார். கடலில் அது சில சமயம் சரி. இடம் மாற்றுவார், ஆழம் மாற்றுவார். தார்ப்பாயில் மாற்ற ஒன்றுமில்லை, பந்தயத்தைக் கூட்டலாம், அவ்வளவே. அவரைக் கெடுப்பது சோம்பல் இல்லை, தொழில் தெரிந்த மனம். முதல் வரைவு அவரைச் சோம்பேறியாகக் காட்டியிருந்தது.

ஆரோக்கியம்

திருத்தத்தில் கதையின் நடுத்தூண் இவர்தான். 2,400 ரூபாயோடு வந்த இரவு சவரி ஒரு பொய் சொல்கிறார்: நாட்டுப்படகில் ஆள் குறைந்தது, ஏறினேன், நல்ல பாடு. மறுநாள் பிள்ளைக்குப் புத்தகப் பை வருகிறது. அடுத்த காட்சி இவ்வளவுதான் (சம்மாட்டி என்றால் படகு உரிமையாளர்):

"மெசேஜ் வந்திருக்கு."

"எம்புட்டு?"

"எட்டாயிரம்னு போட்டிருக்கு. ஏங்க, அந்தப் படகுக்கே போங்களேன். சம்மாட்டி நல்ல மனுசன் போல."

"போகலாம். வலைக்கு நாமளும் பங்கு போடணும்ங்கிறாரு."

"போடுங்க. அரிசிக்கு மட்டும் குடுத்துட்டுப் போங்க."

ஒன்றும் அறியாத மனைவியே அவரைத் திரும்பவும் கொட்டகைக்கு அனுப்புகிறார். எச்சரிக்கும் மனைவி, அழும் மனைவி, சாபமிடும் மனைவி எல்லாம் முந்தைய திருத்தங்களில் வந்து போனார்கள். யாரும் இவ்வளவு கூர்மையாக இல்லை. வீட்டின் தேவை ஒருவரைச் சூதுக்குத் தள்ளும் விதத்தை 1926-இல் டி.எச்.லாரன்ஸ் 'மரக்குதிரை' கதையில் வேறு வழியில் செய்தார். அங்கே வீடே இன்னும் பணம் வேண்டும் என்று கிசுகிசுக்கிறது, சின்னப் பையன் மரக்குதிரையில் ஆடி ஆடிப் பந்தயக் குதிரையின் பெயரைக் கண்டுபிடித்துச் செத்துப்போகிறான். தங்கச்சிமடத்து வீடு கிசுகிசுக்கத் தேவையில்லை. அரிசி என்று வாய்விட்டுச் சொன்னாலே போதும்.

ஏழாவது சீட்டும் முடிவும்

ஏழாவது பந்தயம் வென்றதா தோற்றதா என்று திருத்திய வரைவு சொல்லவில்லை. உண்டியலை மறுபடி மூடி, குலுக்கிப் பார்த்து, சத்தம் சரியாக இருக்கிறதா என்று சவரி காது கொடுப்பதோடு அந்த இரவு நின்றுவிடுகிறது. கடலில் நடந்துபோகும் சாவு நீக்கப்பட்டது. அது கதையின் கணக்கைத் தீர்த்துவிடுகிறது, கடன்காரரை வெறுங்கையோடு அனுப்பிவிடுகிறது.

கடைசிக் காட்சி தடைக்காலம் முடிந்த பின் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து கோயில் வாசல். ஆரோக்கியம் நாட்டுப்படகுச் சம்மாட்டியை முதல் தடவை நேரில் பார்க்கிறார். சவரி இரண்டடி தள்ளி நிற்கிறார். "அண்ணே, உங்க படகாலதான் பிள்ளைக்குப் பை வாங்குனோம்" என்கிறார் ஆரோக்கியம். சம்மாட்டி என்ன சொல்ல வேண்டும்?

மூன்று வடிவம் எழுதிப் பார்க்கப்பட்டது. "என் படகுக்கு இவன் வரவே இல்லையேம்மா" என்று உடைப்பது ஒன்று. அதில் கதை போலீஸ் விசாரணையாகிவிடுகிறது. பதில் சொல்லாமல் போவது இரண்டாவது. அது எழுத்தாளர் தப்பித்துக்கொள்ளும் வழி. மூன்றாவதில் அவர் சவரியை ஒரு முறை பார்க்கிறார், பிறகு "சரிம்மா" என்கிறார். இதுவே நின்றது. வட்டிக்காரருக்கு 5,000 கடன்பட்ட சவரி இப்போது இந்த மனிதருக்கும் கடன்பட்டவர். இதற்குத் தொகை இல்லை.

ஒரு குறை இன்னும் தீரவில்லை. சம்மாட்டி பார்க்கும் அந்த ஒரு பார்வையை ஆரோக்கியம் கவனித்தாரா? கவனித்தார் என்றால் பை வாங்கிய கடைக்கு அவர் மறுபடி போகும் காட்சி ஒன்று வேண்டும். கவனிக்கவில்லை என்றால், குறுஞ்செய்தியை முதலில் படித்த பெண் இதை எப்படித் தவறவிட்டார் என்று வாசகர் கேட்பார். இப்போதைக்கு வரைவில் அவர் பிள்ளையின் முந்தானையைச் சரிசெய்யக் குனிந்திருக்கிறார். எட்டு வயதுப் பிள்ளைக்கு ஏது முந்தானை? பாவாடை நாடா என்று மாற்ற வேண்டும்.